பெயரில்லாத சைப்ரஸ்

"பேரே இல்லாத மரம் யாருக்கு வேணும்? வெட்டித் தள்ளுங்க!"

மேயரிடம் எர்சிலியா போட்ட சத்தத்துக்கு இன்று காலை பலன் கிடைத்தது. மலையுச்சியில், இடிந்த கோட்டைக் கோபுரத்தின் அடியில், மரம் வெட்டும் துலியோவும் அவன் மச்சானும் ரம்பத்தோடு வந்து நின்றார்கள்.

அந்தக் கோட்டையில் பாதியைப் பீரங்கி உடைத்தது. மீதியை ஊர் உடைத்தது. மொந்தேரோக்கோ ஊரில் கோட்டைக் கல் இல்லாத தொழுவம் கிடையாது. கடைசியில் ஆடுகள் மட்டுமே ஆண்டுகொண்டிருந்த அந்த மேட்டை, முதல் உலகப் போர் முடிந்த பிறகு பூங்காவாக்கினார்கள். போரில் செத்த ஒவ்வொரு பையனுக்கும் ஒரு சைப்ரஸ் மரக்கன்று. அதில் கம்பியால் கட்டிய தகரத்தில் அவன் பெயர். நவம்பர் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் பெயர்களை உரக்கப் படிப்பார்கள்.

எர்சிலியாவின் அண்ணன் லிவியோவின் பெயரை மட்டும் யாரும் படித்ததில்லை. போர்முனைக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போனவன் அவன். உடல் கிடைக்கவில்லை. வாத்தியார் கன்றோடு வாசலில் நின்றபோது, அம்மா கை நீட்டுவதற்குள் எர்சிலியா அதைப் பிடுங்கிக் கொல்லைச் சுவருக்கு அப்பால் வீசினாள்.

"எங்கண்ணன் உசுரோட இருக்கான்! அவனுக்கு எதுக்கு மரம்?"

அம்மா கொல்லைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. அம்மாவும் போய்விட்டாள். லிவியோ வரவே இல்லை. இந்த வசந்தத்தில்தான் எர்சிலியா மனம் இறங்கி, அண்ணனுக்கு ஒரு மரம் கேட்டாள். மலையில் இடமில்லை என்றார் மேயர். வரிசைக்கு வெளியே, கோபுரத்தை ஒட்டி ஒரு மரம் நிற்கிறது. பெயர்த் தகரம் இல்லை. வேர் சுவரைப் பிளக்கிறது. அதை வெட்டினால் லிவியோவுக்கு இடம் கிடைக்கும். ஆனாலும் யாருடையதோ என்று அவர் தயங்கினார். எர்சிலியா தயங்கவில்லை.

"என்ன எர்சிலியா, இந்த மரத்தையும் நான்தான் திருடினேன்னு சொல்லுவியா?" வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஒரெஸ்தே கேட்டார்.

"மணி திருடினவர் மரம் திருட மாட்டீரா?"

லிவியோவின் கழுதைக் கழுத்து மணி, கன்று வந்த அதே வாரம் தொழுவத்திலிருந்து காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரெஸ்தே மணித்திருடர்.

"அந்த மணிய வச்சு நான் என்ன பண்ண? எம் பொண்டாட்டி கழுத்துல கட்டவா?"

"கட்டியிருந்தா, அவ எங்க போறான்னாவது உமக்குத் தெரிஞ்சிருக்கும்!"

துலியோ சிரிப்பை விழுங்கிக்கொண்டு ரம்பத்தை இழுத்தான். முழங்கால் உயரத்தில் வெட்டு இறங்கியது. பாதியைத் தாண்டியதும்...

கிறீச்!

"உள்ள இரும்பு இருக்கு," என்றான் துலியோ. உளியை வைத்து இரண்டு போடு போட்டான். மரம் விழுங்கியிருந்த கம்பி முதலில் வந்தது. பின்னால் வந்தது கறுத்த வெண்கல மணி. அதன் விளிம்பில் ஒரு சில்லு இல்லை. எட்டு வயதில் லிவியோ கல்லில் போட்டு உடைத்த சில்லு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கீரை பறிக்க அம்மா மலை ஏறுவாள். கீரைக்கு எதற்குத் தண்ணீர் வாளி என்று எர்சிலியா ஒருநாளும் கேட்டதில்லை.

"நிறுத்து! துலியோ, நிறுத்துடா!"

"நிறுத்தி என்னக்கா செய்ய? பாதிக்கு மேல அறுத்தாச்சு. காத்தடிச்சா பிள்ளைங்க மேல சாயும்."

அவள் ஒரெஸ்தேயைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

"நீதாம்மா சொல்லணும்," என்றார் மெதுவாக.

எர்சிலியா ரம்பம் அறுத்த இடத்தை ஒருமுறை தடவினாள்.

"அறு."

மரம் கோபுரத்தைத் தொடாமல் புல்லில் சாய்ந்தது. எர்சிலியா மணியை எடுத்துக் காதருகே ஆட்டினாள். சத்தம் வரவில்லை. உள்ளே முழுக்க மரம் அடைத்திருந்தது.