காணாமல் போகாத ஹார்ட் டிஸ்க்

சேலையூரில் அந்தத் தெருவுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். அது ஏகநாதன் வீட்டில் இருந்தது. அவருடைய ஆபீசில் பழசாகிவிட்டதென்று ஏலத்தில் தள்ளிய மெஷின். தொண்ணூற்று மூன்றிலேயே அது கிழம்தான் என்றாலும், தெருவுக்குப் புதுசு. வந்த மறுநாளே ஏகநாதன் 'கம்ப்யூட்டர் சார்' ஆகிவிட்டார்.

உண்மையில் அவருக்குத் தெரிந்தது கடிதம் டைப் அடித்துப் பிரிண்ட் எடுப்பது மட்டும். ஆனால் 'தெரியாது' என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. யார் வீட்டு டி.வி.யில் புள்ளி விழுந்தாலும் அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் போய், பின்பக்கம் எட்டிப் பார்த்து, 'சிக்னல் ப்ராப்ளம்' என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டு வருவார்.

மே மாதம் முழுக்க லீவு போட்டு, மனைவி நாகலக்ஷ்மியோடு மாயவரத்து மாமனார் வீட்டுக்குப் போனார். வீட்டுச் சாவியைப் பின்கட்டில் குடியிருந்த வேதாசலத்திடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேதாசலம். அவனும் அவன் மனைவி சரசுவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வாசல் பெருக்கி, வீட்டைப் பொன்போலப் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்த அன்று ஏகநாதன் கம்ப்யூட்டரைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஹார்ட் டிஸ்கைக் காணோம் என்று ஆங்கிலத்தில் வந்தது. அணைத்துப் போட்டார். மறுபடியும் காணோம்.

"காணோம்னா? யாரு எடுத்தா?" என்றாள் நாகலக்ஷ்மி.

அந்தக் கேள்வி அவர் மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. சாவி வேதாசலத்திடம் இருந்தது. வேதாசலத்தின் மச்சினன் ரிச்சி தெருவில் பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கிறவன். இதற்கு மேல் என்ன யோசிக்க வேண்டும்?

சாயந்திரத்துக்குள் தெரு கூடிவிட்டது. நடுவில் துளசிங்கம். தாம்பரம் கிராமமாக இருந்த காலத்துக் குடும்பம். கங்கையம்மன் கோயில் தர்மகர்த்தா. தெருவில் எந்தப் பஞ்சாயத்தும் அவரில்லாமல் நடக்காது.

"பொட்டியத் தொறந்து பாத்தியா சார்? உள்ள அது கீதா, இல்லியா?" என்று கேட்டார் துளசிங்கம்.

ஏகநாதன் திறந்து பார்த்தது நிஜம். உள்ளே பச்சைப் பலகையும் ஒயரும் தகர டப்பாக்களுமாக இருந்தது. அதில் ஹார்ட் டிஸ்க் எது என்று அவருக்குத் தெரியாது. அதை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

"பாத்தேன். இல்லை" என்றார்.

வேதாசலம் சத்தம் போடவில்லை. "நான் எடுக்கல. அம்மன் முன்னாடி சூடம் அடிக்கிறேன்" என்றான். கோயில் வாசலில் கட்டிச் சூடம் கொழுந்துவிட்டு எரிய, அதை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான். சரசு ஓடிவந்து அந்தக் கையைத் தன் முந்தானையில் பொத்திக்கொண்டாள். சூடம் அடித்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. இனி அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று கூட்டம் கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ரவி வந்தார். திரையைப் பார்த்தவுடனே சிரித்தார். "தேதியப் பாருங்க. எண்பதாம் வருஷம் ஜனவரி காட்டுது. கடிகார பேட்டரி செத்துப்போச்சு சார்."

பெட்டியைத் திறந்து, பலகையின் ஓரத்தில் பச்சை பூத்துக் கிடந்த ஒரு குட்டி உருளையை வெட்டி எடுத்தார். அதற்குப் பதிலாக, டிரான்சிஸ்டருக்குப் போடுகிற பென்சில் செல்களை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து, அதன் ஒயரைப் பலகையில் செருகினார். வேலை செய்துகொண்டே விளக்கினார். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதியையும், உள்ளே என்ன டிஸ்க் இருக்கிறது என்ற விவரத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்வது இந்த பேட்டரிதான். ஒரு மாதம் சும்மா கிடந்ததில் கிழட்டு பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டது. அதனால் தனக்கு டிஸ்க் இருப்பதையே மெஷின் மறந்துவிட்டது.

"டிஸ்க் எங்கயும் போகல. இதோ, இங்கதான உக்காந்திருக்கு" என்று ஸ்க்ரூடிரைவரால் ஒரு தகர டப்பாவைத் தட்டினார்.

ஏகநாதனின் காது மடல் சுட்டது. அன்றைக்கு அந்த டப்பாவின் மேலிருந்த தூசியை அவர் விரலால் துடைத்துக்கூடப் பார்த்திருந்தார்.

ரவி டப்பாவின் மேல் அச்சடித்திருந்த எண்களைப் பார்த்து மெஷினுக்கு அடித்துக் கொடுத்தார். எல்லாக் கடிதங்களும் திரும்ப வந்தன. ரவியை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தால் நாகலக்ஷ்மியைக் காணோம். அடிபம்பு அருகே நின்று, "எங்காத்து டிஸ்க் கிடைச்சுடுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். தெருவுக்குப் புரிந்துவிட்டது. சூடம் அடித்தவனுக்குப் பயம் வந்திருக்கிறது. எடுத்ததைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

வாசலில் நின்ற ஏகநாதன் இதைக் கேட்டார். நாலு எட்டு நடந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாசற்படியைத் தாண்டக் கால் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், மெதுவாகச் சொல்லலாம் என்று உள்ளே போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

நாளை வந்தது. சரசு குடத்தோடு பம்புக்கு வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் அடித்த தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டு வெறும் குடத்தோடு திரும்பினாள். மறுநாள் காலை பின்கட்டு வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்து நின்றது. வேதாசலம் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான். முடிச்சூர் பக்கம் வீடு பார்த்துவிட்டானாம்.

ஏகநாதன் சட்டையைக்கூடப் போடாமல் துண்டோடு துளசிங்கம் வீட்டுக்கு ஓடினார். டிஸ்க் திருடு போகவே இல்லை, பேட்டரிதான் காரணம், தப்பு முழுக்கத் தன்மேல் என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

துளசிங்கம் அவர் தோளைத் தட்டினார். "பெரிய மனசு சார் உனக்கு. போறவன் மானத்தோட போவட்டும்னு பேட்டரி மேல பழியப் போடறே. யாருக்கு வரும் இந்த மனசு?"

ஏகநாதன் அதற்குமுன் எத்தனையோ பாராட்டுகளைத் தகுதியில்லாமல் வாங்கியிருக்கிறார். இந்த ஒன்று மட்டும் செருப்படி போல விழுந்தது.

"இல்ல. நீங்க வாங்க. எல்லாரையும் கூட்டிண்டு வாங்க" என்றார்.

கூடம் நிறைய ஆட்கள். ஜன்னலிலும் தலைகள். ஏகநாதன் கம்ப்யூட்டரைப் போட்டுக் கடிதங்களைக் காட்டினார். பிறகு அணைத்து, பெட்டியைத் திறந்து, பென்சில் செல் ஒயரை உருவினார். கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். பின்கட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடி போட்டபோது திரையில் அதே வெள்ளை எழுத்து. ஹார்ட் டிஸ்கைக் காணோம்.

"காணோம்னு சொல்லுது. ஆனா டிஸ்க் இதோ இருக்கு" என்று டப்பாவில் விரலை வைத்தார். ஒயரைச் செருகி, ரவி செய்ததைப் போலவே டப்பாவின் மேலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்தார். கடிதங்கள் வந்தன.

கூட்டத்தில் யாரோ, "அப்போ பேட்டரிக்குத்தான் சூடம் அடிச்சிருக்கணும்" என்றார்கள். சிரிப்பு தொடங்கிப் பாதியிலேயே நின்றது.

துளசிங்கம் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "அன்னிக்கும் இது இங்கியேதான் இருந்துச்சா சார்?"

"இருந்தது."

"பாத்தேன், இல்லன்னு சொன்னியே."

அத்தனை கண்களும் திரையை விட்டு ஏகநாதன்மேல் திரும்பின. துளசிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் வெளியேறினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். சில பெண்கள் சரசுவிடம் போய்க் கையைப் பிடித்தார்கள். அவள் பிடிக்கக் கொடுத்தாள், பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

ஏகநாதன் வண்டியருகே வந்தார். போக வேண்டாம் என்று கெஞ்சினார். வேதாசலம் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான். உள்ளங்கைக் கொப்புளத்தில் கயிறு படாமல் விரல்களால் மட்டும் இழுத்தான்.

"நீ என்னத் திருடன்னு நெனச்சது கூடப் பரவால்ல சார். சாவி எங்கிட்ட இருந்துச்சு, யாரும் நெனப்பாங்க. தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சூடம் அடிச்சிருக்க வேணாம். அதுக்கு இன்னா சார் கஷ்டம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது வேதாசலம். டிஸ்க் எதுன்னே தெரியாது" என்றார் ஏகநாதன். தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தார். இறங்கவில்லை.

வண்டி கிளம்பியது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் மேட்டில் வண்டிக்காரன் இறங்கித் தள்ள, பின்னால் வந்த ஏகநாதனும் கை வைத்தார். எதிரே ஆபீசுக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. மேடு ஏறி முடிந்ததும் வேதாசலம் திரும்பினான்.

"போதும் சார். இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்றான். கோபமே இல்லாத குரல்.

கேட் திறந்தது. வண்டி தண்டவாளத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் போயிற்று. ஏகநாதன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவை நோக்கித் தனியாகத் திரும்பி நடந்தார்.