கூத்தாநல்லூர் வரை கிளட்ச் இல்லாமல்

ஜாஃபர் சாதிக் இருபது வருஷம் சவூதியின் தம்மாமில் தானாகக் கியர் மாறும் கார் ஓட்டியவர். ஆனால் மனைவி ஹுமைரா எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வண்டி லேசாக வேகம் எடுத்தாலே போதும், "மாத்து, மாத்து" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்த வண்டியோ இரண்டே பேர் உட்காரும், கூரையில்லாத, பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரைஸ்மில் கொட்டகையில் கோழிகள் ஏறி முட்டையிடக் கிடந்ததைப் பிடிவாதமாக வாங்கி ஓட வைத்திருந்தாள் ஹுமைரா. இன்ஜின் நன்றாகச் சத்தம் போட்ட பிறகுதான் அதற்கு இழுவையே வரும். அவசரப்பட்டு அடுத்த கியருக்குப் போனால் நடுங்கும், இருமும், நின்றும் தொலைக்கும். ஜாஃபர் பேச்சைக் கேட்டு மாற்றி, அப்படி நின்று, இரண்டு முறை கயிறு கட்டி ஊருக்குள் இழுத்து வர வேண்டியதாயிற்று. முதல் முறை டிராக்டர். அடுத்த முறை ஆடு ஏற்றிய மினி லாரி. ஆடுகள் எல்லாம் திரும்பி நின்று அவளையே பார்த்துக்கொண்டு வந்தன.

அன்றைக்கு ஜாஃபர் கறாராகச் சொன்னார்: "இன்னொரு தடவ கயிறு கட்டினா வண்டி என் தம்பி சுஹைபுக்கு. சென்னையில வச்சு ஓட்டிக்கட்டும்." ரோஷத்தில் ஹுமைராவும் தலையாட்டிவிட்டாள். அதற்கென்றே டிக்கியில் ஒரு நைலான் கயிற்றை வாங்கிப் போட்டவரும் அவர்தான்.

தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது, அம்மாபேட்டை தாண்டியதும் கிளட்ச் பெடல் பொதுக்கென்று அடியோடு போய் ஒட்டிக்கொண்டது.

"கிளட்ச் போச்சுங்க."

ஜாஃபர் முகத்தில் கவலையைவிட நிம்மதிதான் கூடுதலாகத் தெரிந்தது. "ஓரங்கட்டு. கயிறு இருக்கு."

"கட்ட மாட்டேன்."

"கிளட்ச் இல்லாம எப்புடிம்மா கியர் போடுவ?"

"போடலாம். நீங்க பேசாம வந்தாப் போதும்."

மூன்றாவது கியரிலேயே கூத்தாநல்லூர் வீடு வரை போய்விடலாம் என்று பார்த்தால், நடுவில் நீடாமங்கலம் ரயில்வே கேட். அது எப்போது திறந்திருக்கும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மூடித்தான் இருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரை நடுவுக்கு இழுத்துவிட்டு, மெல்ல உருட்டி ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

ரயில் போனது. கேட்டைத் தூக்கியதும் இரண்டு பக்கமும் சாலையை அடைத்து நின்ற வண்டிகள் முட்டிமோதிக்கொண்டு புறப்பட்டன. ஹுமைரா அசையவில்லை. தண்டவாளத்தின் மேல் யாராவது குறுக்கே வந்தால் கதை முடிந்தது. பாதை முழுக்கக் காலியாக வேண்டும். பின்னாலிருந்த பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஒரு டிராக்டர்காரர் எட்டிப் பார்த்து, "கயிறு இருக்கா பாய்? இழுத்து விட்டுடறேன்" என்றார், ரொம்ப நல்ல மனசோடு.

ஜாஃபர் இறங்கிப் பின்பக்கம் போனார். இருபது வருஷம் தனியாகக் குடும்பத்தை இழுத்தவள் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிக்கி திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

டிக்கி திறக்கவில்லை. "வேணாங்க, நீங்க போங்க" என்று அவர் சொல்வது கேட்டது. திரும்பிப் பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜாஃபர் சாலை நடுவே நின்று பஸ்ஸையும் பைக்குகளையும் ஒவ்வொன்றாக முன்னே அனுப்பிக் கொண்டிருந்தார். கடைசி வண்டியும் கடந்ததும் கத்தினார்: "இப்பக் கெளப்பு!"

முதல் கியரைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினாள். வண்டி குலுங்கிக் குலுங்கி நகர்ந்து, இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஓடி வந்த ஜாஃபர் கதவைத் திறக்காமலே உள்ளே தாவி விழுந்தார்.

வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது. இன்ஜின் சத்தம் ஏறியது. "மா..." என்று ஆரம்பித்தவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் சத்தத்தை இன்னும் ஏற விட்டாள். பிறகு காலை எடுத்தாள், கியரை நடுவுக்குக் கொண்டுவந்தாள், சத்தம் இறங்கட்டும் என்று காத்திருந்தாள். கொஞ்சம் முந்திவிட்டது, கியர் நறநறவென்று கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றாள். இந்த முறை இரண்டாவது கியர் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

கொரடாச்சேரி தாண்டிப் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, எதிரே பஸ். இப்போது கியர் இறங்க வேண்டும். நடுவுக்கு இழுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டினாள். சரியான அந்த நொடியில் பக்கத்தில் ஜாஃபரின் தலையும் லேசாக அசைந்தது. கியர் விழுந்தது. நெல்மணி ஒன்றுகூட நசுங்கவில்லை.

தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்து, உருண்டு வந்து வாசலில் நின்றாள். சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

ஜாஃபர் டிக்கியைத் திறந்து கயிற்றை எடுத்தார். கொல்லைக்குப் போய், தென்னைக்கும் ஜன்னல் கம்பிக்குமாக இழுத்துக் கட்டி, வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி அதில் காயப் போட்டார்.

"கிளட்ச் சரியானதும் நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கவா?" என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "எப்ப மாத்தணும்னு பக்கத்துல உக்காந்து சொல்லு."

"சொல்ல மாட்டேன்," என்றாள் ஹுமைரா. "வண்டியே சொல்லும். காதக் குடுத்துக் கேளுங்க."