பாதி லாரியின் காற்று

புது லாரியின் முகப்புக்குக் காற்றின் எதிர்ப்பு பழையதில் பாதிதான் என்று மகன் எழுதிக் கொடுத்த அறிக்கையை, பெரியவர் மூன்று வாரமாகப் பார்ப்பவரிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு ஆண்டாக லாரிக் கூடு கட்டியவர்; கம்ப்யூட்டருக்குள் அடிக்கிற காற்று அவருக்குப் பிடிபடாது. திரையில் லாரி அசையாமல் நிற்கும், அடியில் சாலை ஓடும், சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் கூரையை உரசிக்கொண்டு போகும். அறிக்கையின் கீழே இருந்த மகனின் பெயர் மட்டும் நன்றாகவே பிடிபட்டது.

லாரி வாங்குகிறவர் பத்து மணிக்கு வருவதாக இருந்த காலையில், மகன் படித்த அதே படிப்பைப் படித்து அவர் பட்டறையிலேயே வேலை பார்க்கும் மருமகள் அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மாமா, அந்த நம்பர் தப்பு."

"எது?"

"இடதும் வலதும் ஒண்ணுதானேன்னு லாரியை நீளவாக்குல ரெண்டா வெட்டி, ஒரு பாதிக்கு மட்டும் கணக்கு ஓட்டியிருக்காரு. நேரம் மிச்சம், எல்லாரும் செய்யறதுதான். ஆனா வர்ற விடையை ரெண்டால பெருக்கணும். பெருக்கலை."

"அப்ப பாதி எதிர்ப்புங்கறது?"

"பாதி லாரியோடது. முழுசுக்குப் பார்த்தா பழசும் புதுசும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

கதவைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்த மகன் முகம் செத்து நின்றான். "இன்னிக்கு எதுவும் சொல்ல வேணாம்பா. வேற முகப்பு வரைஞ்சு ஒரு மாசத்துல சரிபண்ணிடறேன்."

"ஒரு மாசம் என்னைப் பொய்யனா நடமாடச் சொல்றியா?"

பத்து மணிக்கு லாரி வாங்க வந்தவர் உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் பெரியவர் அறிக்கையை மேசையில் வைத்தார். "இதுல இருக்கறது தப்பான கணக்கு. போட்டது என் மகன். செஞ்சவன் பேரைச் சொல்லிடறதுதான் எங்க வீட்டு வழக்கம்."

வந்தவர் சிரித்துவிட்டார். "அட, விடுங்கய்யா. எங்க ஆளு முதல் நாளே கண்டுபிடிச்சுட்டான். லாரியில பாதியைக் காணோம்னு ஆபீஸே சிரிச்சுது. வண்டி எங்களுக்குப் பிடிச்சிருக்கு, காகிதத்துக்கு ஒரு நம்பர் வேணும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பெரியவருக்குக் காதுமடல் சுட்டது. தான் மார்தட்டித் திரிந்த மூன்று வாரமும் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். அறிக்கையை எடுத்து நான்காகக் கிழித்தார். "பொய்க் காகிதத்தோட என் வண்டி வெளியே போகாது."

"உங்க இஷ்டம்," என்று அவர் எழுந்து போனார்.

மகன் அதன் பிறகுதான் வாயைத் திறந்தான். "கணக்கு தப்புன்னு சொன்னா போதாதா? வெளியாள் முன்னாடி என்னைத் தூக்கிக் கொடுத்தாத்தான் உங்க கௌரவம் நிக்குமா?"

"செஞ்சவன் நிமிர்ந்து நின்னு ஒத்துக்கணும்டா."

"ஒத்துக்க என்னை எங்கே விட்டீங்க?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான்.  பெரியவர் அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

மருமகள் அன்றே முழு லாரியையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கணக்கை ஓடவிட்டாள். மூன்றாம் நாள் விடை வந்தது: பழையதைவிட நூற்றுக்கு நாலு குறைவு. மகன் அதுவரை அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

"அறிக்கையில யார் பேரைப் போடறது, மாமா?"

"என் பேரைப் போடு."

"நீங்க இதுல ஒண்ணும் செய்யலையே," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்படியே அறிக்கையின் கீழே தன் பேரைத் தட்டச்சு செய்து முடித்தாள்.