விரோதிகள் எவரேனும் உண்டா?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாகப் பார்ப்பதைவிட, இப்போதே நானாகச் சொல்லிவிடுவது மேல்.

திங்கட்கிழமை காலை ஒரு போலீஸ் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். கருணாகரனைத் தெரியுமா என்று மலாயில் கேட்டார். தெரியும் என்றேன். முப்பது வருடப் பழக்கம். இருவரும் கதை எழுதுகிறவர்கள். நான் மலாக்கா காஜா பேராங்கில் இருக்கிறேன். அவன் குருபோங்கைத் தாண்டி ஒரு பழத்தோட்டம் வைத்திருக்கிறான். தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, விசாரிக்க வேண்டிய ஆள் என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

அதிகாரி வரிசையாகக் கேட்டார். குடிப்பாரா? எப்போதாவது. கோபக்காரரா? இல்லை. வீட்டில் சண்டை சச்சரவு உண்டா? கேள்விப்பட்டதில்லை. கடைசியாக, "அவருக்கு விரோதி யாராவது உண்டா?" என்றார்.

"எனக்குத் தெரிந்து இல்லை" என்றேன்.

இதே கேள்விகள் உள்ள தாளை அனுப்புவதாகவும், நான் நிரப்பி வைத்தால் வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கருணாகரனுக்கு விரோதி ஒருவன் இருக்கிறான். அவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

போன வருடம் கருணாகரனுக்கு ஒரு பரிசு கிடைத்தது. அதே போட்டிக்கு நானும் கதை அனுப்பியிருந்தேன். விழா மேடையில் அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் அவனைவிட நான்தான் நன்றாகச் சிரித்திருக்கிறேன். வயிறு அன்றைக்கு எரிந்தது, இன்னும் எரிகிறது.

ஆகவே இந்தக் கதையை எண்பது வருடம் பின்னால் தள்ளி ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் வைக்கிறேன். கருணாகரன் படித்தால் இது தன்னைப் பற்றியது என்று தெரியக் கூடாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

1943ஆம் ஆண்டு. மலாக்கா நகரின்மீது யுத்தத்தின் கருமேகங்கள்

(வேண்டாம். கருமேகம் என்று எழுதினால் கருணாகரன் சிரிப்பான்.)

இரண்டாம் முயற்சி:

மருதமுத்து ஒரு நல்ல

(இதுவும் ஓடவில்லை. "நல்ல" என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. அடுத்த சொல் என்னவென்று எனக்குத் தெரியும். எழுதத்தான் மனம் வரவில்லை.)

மூன்றாவது. இது இருக்கட்டும்:

காஜா பேராங்கின் ஓரத்தில், சதுப்பு தொடங்கும் இடத்தில், மருதமுத்து மரவள்ளிக்கிழங்கு போட்டிருந்தான். அரிசி கண்ணில் படாத காலம். அந்தத் தெருவில் ஒன்பது வீடுகளில் அவன் கிழங்கை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. பொழுது சாயும் நேரத்தில் சதுப்பிலிருந்து பன்றிகள் வந்து கிழங்கைக் கிண்டித் தின்றன. தகரம் தட்டினான். நெருப்பு மூட்டினான். வேலி கட்டினான். பன்றிகள் வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்தன. கடைசியில் அந்தத் தெருவில் யாரும் துணியாத ஒன்றைச் செய்தான். ஜப்பான்காரனிடம் துப்பாக்கி கேட்டு மனுப் போட்டான்.

அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் ராஜரத்தினம். யுத்தத்துக்கு முன் ரப்பர் தோட்டத்தில் கிராணியாராக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தவர். மருதமுத்து அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவன். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, அவர் பேர் கூப்பிடுவார், அவன் கைகட்டி நின்று "ஐயா" என்பான். இப்போது ரப்பர் வாங்க ஆளில்லை, கிராணியாருக்கு வேலையும் இல்லை. மருதமுத்து வேலிக்கு மேலாகக் கொடுக்கும் கிழங்கைத்தான் அவர் சாப்பிடுகிறார்.

"மருதமுத்து குடுத்த கெழங்கு மாவாட்டம் வெந்திருக்குங்க" என்பாள் அவர் மனைவி சந்திரமதி. ஒரு நாள் விடாமல் சொல்வாள். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிடுவார்.

3

துப்பாக்கி விசாரணை எப்படி நடக்கும் என்று இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். (இந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்ததை எடுத்து, அந்தக் காலத்துக்குத் தைத்துப் போட்டிருக்கிறேன். ஜப்பான்காரன் இப்படித்தான் விசாரித்தான் என்று வெளியில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

முதலில் காரணம் கேட்பார்கள். பிறகு நிலத்துக்கு ஆள் வந்து, பன்றி உண்மையிலேயே வருகிறதா என்று குளம்புத் தடம் பார்ப்பான். பிறகு வீடு. எங்கே வைப்பாய், பூட்டு இருக்கிறதா, கூட யார் யார் குடியிருக்கிறார்கள். இதுவரை சிரமமில்லை. தடத்தைக் காட்டலாம், பூட்டைக் காட்டலாம். ஆனால் ஒரு மனிதனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எந்த அரசாங்கத்திடமும் கருவி கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்கிறார்கள். ஒருவனைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரித்தால், பெரும்பாலும் தெரியவருவது பக்கத்து வீட்டைப் பற்றித்தான்.*

* இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. கருணாகரனுக்கு இது தோன்றியிருக்காது.

என் கதையில் இன்னொரு விதியும் உண்டு. சாட்சி சொல்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். நல்லவன் என்று எழுதிக்கொடுத்து, பிறகு அவன் ஏதாவது செய்துவிட்டால், எழுதியவரும் உள்ளே போவார். கெட்டவன் என்று எழுதினால் மனு தள்ளுபடியாவதோடு விஷயம் நிற்காது. இவன் எதற்குத் துப்பாக்கி கேட்டான் என்று தோண்டுவார்கள். போன மாதம் பின்தெருவில் ஒருவனைப் பற்றி இப்படி ஒரே ஒரு வரி எழுதப்பட்டது. அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் மனைவி இன்றைக்கும் போலீஸ் நிலைய வாசலுக்கு அவித்த கிழங்கு கொண்டுபோய், அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள்.

4

போலீஸ் நிலையத்து எழுத்தர் கலியாணசுந்தரம் ஜப்பான்காரன் கடிகாரத்தில் திருப்பி வைத்த டோக்கியோ நேரம் நான்கு மணிக்கு, அதாவது வெயில் இரண்டரை மணி என்று சொல்லும்போது, சைக்கிளில் வந்தார்.

"கிராணியாரே, மருதமுத்து விசயமா வந்திருக்கேன்."

"எந்த மருதமுத்து?"

"உங்க பக்கத்து வீட்டு மருதமுத்துதாங்க. அவரேதான் உங்க பேரக் குடுத்திருக்காரு."

ராஜரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டார். தனக்கு அக்கறை இல்லாததுபோல், "துப்பாக்கிக்கு எங்க போவீங்க?" என்று கேட்டார்.

"புதுசு ஏது? நம்ம ஆளுங்க அன்னிக்குக் கொண்டாந்து ஒப்படைச்சதுல ரெண்டுதான் மிச்சம். ஒண்ணு குழாய் வெடிச்சது. இன்னொண்ணு நல்லா இருக்கு. கட்டையில பித்தளைத் தகடு அடிச்சிருக்கும்."

அந்தத் தகட்டை வெட்டி, தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்து, நாலு ஆணி வைத்து அடித்தவர் ராஜரத்தினம்தான். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி துப்பாக்கி வைத்திருந்த ஒரே ஆள். ஜப்பான்காரன் வந்த அடுத்த மாதம், போலீஸ் நிலைய வாசலில் வரிசையில் நின்று அதைக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது அது மருதமுத்துவின் தோளுக்குப் போகப்போகிறது.

"அது நம்ம துப்பாக்கியில்ல?" என்று அடுப்படியிலிருந்து சந்திரமதி கேட்டாள். "போகட்டும். இனிமேலாச்சும் பன்னி சாகும்."

(சந்திரமதியை நான் இப்படி எழுத நினைக்கவில்லை. கிழங்கைப் புகழ்வதோடு நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். இந்த வரியை மூன்று தடவை கோடு போட்டு அடித்தேன். ஆனால் அவள் சொல்வதில் பொய் இல்லை. துப்பாக்கி வைத்திருந்த ஏழு வருடத்தில் ராஜரத்தினம் சுட்டது இரண்டு இளநீரும் துரை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான். கருணாகரனின் பரிசுக் கதையைப் படித்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "இதே கதைய நீங்களும் பத்து வருசமா சொல்லிக்கிட்டுதானே இருந்தீங்க." ஆமாம். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், எழுதியவன் அவன்.)

5

கலியாணசுந்தரம் தாளை விரித்தார்.

"குடிப்பாரா?"

"கள்ளு கெடைச்சா குடிப்பான். கெடைக்கணுமே."

"கோவக்காரரா?"

ராஜரத்தினம் யோசித்தார். ஒரு தடவை பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்ததற்கு மருதமுத்துவை அன்று முழுக்க வேலைக்கு விடாமல் திருப்பி அனுப்பினார். அவன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். அன்றைக்கு அவன் ஏதாவது திட்டியிருந்தால் இன்றைக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்.

"இல்ல" என்றார்.

"சரி, இதான் கடைசி. விரோதிங்க யாராச்சும் உண்டா?"

உண்டு என்றால் யார் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்வதென்றால் நான்தான் என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் அது பொய். அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்தும் போட்டு, தன் துப்பாக்கியைத் தானே எடுத்து அவனுக்குக் கொடுத்த மாதிரி ஆகும்.

"தாள வெச்சிட்டுப் போங்க. யோசிச்சு எழுதுறேன்."

"நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன். வெறுமனே மட்டும் விட்டுடாதீங்க, கிராணியாரே. வெறுமனே இருந்தா ஜப்பான்காரனுங்களே எதையாச்சும் எழுதிக்குவானுங்க."

6

முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. ராஜரத்தினம் "இல்லை" என்று எழுதுகிறார். துப்பாக்கி வருகிறது. முதல் குண்டிலேயே பன்றி விழுகிறது. மருதமுத்து முதல் தொடையைக் கிராணியார் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். சந்திரமதி மிளகு போட்டுச் சமைக்கிறாள். அவர் மென்று விழுங்குகிறார். (படிப்பவர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றெரிச்சலை இவ்வளவு சுலபமாக விழுங்க முடிந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?)

ஆ. "உண்டு" என்று மட்டும் எழுதுகிறார், பெயர் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து மருதமுத்துவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பன்றிகள் கிழங்கை முடித்துவிடுகின்றன. ஒன்பது வீட்டில் அடுப்பு அணைந்து (இங்கே நிறுத்திவிட்டேன். அவனைக் கூட்டிப்போகும் வரியை எழுதியபோது எனக்கு ஒரு நிமிடம் சுகமாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த முடிவை அடித்தேன்.)

இ. "உண்டு. நான்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். (வீரமாக இருக்கிறது. ஆனால் விரோதி உள்ளவன் கையில் துப்பாக்கி கொடுக்க மாட்டார்கள். எதற்குக் கேட்டான் என்ற தோண்டல் தொடங்கிவிடும். ராஜரத்தினத்தின் நேர்மைக்கு மருதமுத்து விலை கொடுக்க வேண்டியிருக்கும்.)

7

மூன்றும் உதவாததால், அன்று சாயங்காலமே மருதமுத்துவை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறேன். கையில் மண் உதிராத கிழங்கு.

"தாள் வந்துச்சாங்கய்யா?"

"வந்துச்சு. ஏண்டா, என் பேரக் குடுத்தே? தெருவுல வேற ஆளே இல்லியா?"

"இருக்காங்கய்யா. எல்லாரும் என் மேல பிரியமா இருக்கிறவங்க. அவங்க நல்லவன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"நான் சொன்னா நம்புவானா?"

மருதமுத்து கிழங்கை வேலிமேல் வைத்தான். "உங்களுக்கு என்னைப் புடிக்காது. தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும், போலீஸ் டேசன் கிராணிக்கும் தெரியும். புடிக்காத ஆளு நல்லவன்னு சொன்னாத்தான்யா அது சாட்சி."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இந்தக் கதையில் உருப்படியான வரி இது ஒன்றுதான். இது என்னுடையது இல்லை. திங்கட்கிழமை அந்த அதிகாரி போனை வைத்ததும் கருணாகரனைக் கூப்பிட்டேன். உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவன் சிரித்தான். "புடிக்காத ஆளு நல்லவன்னு சொன்னாத்தான்டா அது சாட்சி" என்றான். பிறகு, "மேடையில நீ சிரிச்ச சிரிப்ப நான் பார்த்தேன்டா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

எண்பது வருடம் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டது வீண். அவனுக்கு முன்பே தெரியும். என் பொறாமைக்குக்கூட அவன் ஒரு நல்ல உபயோகம் கண்டுபிடித்திருக்கிறான். "இல்லை" என்று எழுதினால் அவன் நினைத்தது நடந்துவிடும். "உண்டு" என்று எழுதினால் அவன் என்னைப் பற்றி நினைத்தது சரியாகிவிடும். என் கதையில்கூடக் குறி தவறாமல் பன்றியை அடித்தவன் அவன்தான், நான் இல்லை.

8

வியாழக்கிழமை, பத்து மணிக்கு ஐந்து நிமிடம். மேசைமேல் அந்தப் பக்கம் ராஜரத்தினத்தின் தாள், இந்தப் பக்கம் என்னுடையது. இரண்டிலும் கடைசிக் கேள்விக்கு நேரே வெறுமனே இருக்கிறது. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் எழுதினால்தான் அவர் எழுத முடியும். சதுப்போரம் மருதமுத்து நின்றுகொண்டிருக்கிறான், அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

என்னால் முடியவில்லை. நீங்கள் மருதமுத்துவின் கிழங்கைத் தின்றவர் இல்லை, கருணாகரனோடு மேடையில் நின்றவரும் இல்லை. ஆனால் யாரோ ஒருவரோடு சேர்ந்து நின்று, அவரைவிட நன்றாகச் சிரித்திருப்பீர்கள். அந்த ஆளை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் தெரிந்த பிறகு பேனாவை எடுங்கள்.

வெளியே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்கிறது. நான் போய்க் கதவைத் திறக்கிறேன். தயவுசெய்து வெறுமனே மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மனுதாரருக்கு விரோதிகள் எவரேனும் உண்டா? ....................

சாட்சியின் கையெழுத்து: ....................