சத்தம் வராத தரை வேண்டாம்

மாஸ்டரின் வலது கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற உத்தியோகம். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. எந்தப் புண்ணியவான் எதில் கொண்டுபோய் இடிப்பானோ என்று பகலெல்லாம் அதன்மேல் காலை வைத்தே உட்கார்ந்திருப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போதுகூட மேஜைக்கடியில் கால் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். "தட்டுக்குக் குறுக்க யாரு வந்தா இப்போ?" என்று மனைவி கேட்பாள்.

அப்படிப்பட்ட மனுஷன் தரை வாங்கப் போனால் கடை தாங்குமா?

கடையில் லேமினேட் பலகைகளை நீளநீளமாகத் தரையிலேயே பதித்துக் காட்டியிருந்தார்கள். மனைவி நிறம் பார்த்தாள். அவள் வீட்டிலேயே துணி தைக்கிறவள். கீழே விழுந்த குண்டூசி கண்ணில் படணும், அதனால் கோடு கீடு இல்லாத வெளிர் நிறம்தான் வேண்டும் என்றாள். நியாயமான பேச்சு. மாஸ்டருக்கோ கிளிப்பச்சையாக இருந்தாலும் சம்மதம். அவள் எந்தப் பலகையின் மேல் ஏறி நிற்கிறாளோ, அதன் மறுகோடியில், அவள் முதுகுக்குப் பின்னால், இவரும் ஏறுவார். ஓங்கி ஒரு மிதி. அவளைப் பார்ப்பார். அவள் திரும்பமாட்டாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்குவார்.

"உடையாது சார், பயப்படாதீங்க" என்றாள் விற்பனைப் பெண்.

"அதைப் பார்க்கலைம்மா."

"பின்னே?"

என்னவென்று சொல்வது? பெண்டாட்டிக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று கடைத்தெருவில் நின்று சொல்வதா?

கொஞ்ச நாளாகவே அப்படித்தான். ஒரு தடவை, டாக்டரிடம் காட்டலாமா என்று வாயைத் திறந்தார். "எனக்கா கேக்கலை? நீங்கதான் வாய்க்குள்ளயே முனகுறீங்க. காரில உட்கார்ந்து ஊருக்கே கேக்கிற மாதிரி கத்துறீங்க, வீட்டுக்கு வந்தா தொண்டை தூங்கிப்போகுது" என்று பிடித்துக்கொண்டாள். அதோடு பேச்சுவார்த்தை நின்று, வீடு சாவு வீடு மாதிரி ஆனது. புரியாத மாணவர்களைப் பார்த்து 'செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி' என்று அலுத்துக்கொள்வது அவர் வாடிக்கை. அந்தப் பழமொழியை இப்போது செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிடுகிறார்.

அது போகட்டும். போன மாதம் நடந்ததுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. தையல் அறையில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள், ஜன்னல் வெளிச்சம் வேண்டுமே. இவர் வாசலில் நின்று கூப்பிட்டார். திரும்பக் கூப்பிட்டார். கிட்டே போய்த் தோளைத் தொட்டார், அவ்வளவுதான். தூக்கிவாரிப் போட்டு, கையில் இருந்த பெரிய கத்தரி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ரத்தம் துணியெல்லாம். "பூனை மாதிரி ஏன் வர்றீங்க?" என்று அழுதாள். அன்றிலிருந்து தன் வீட்டுக்குள் நடக்கவே மாஸ்டருக்குப் பயம்.

அவருடைய ஆபீசில் புதிதாகப் பலகைத் தரை போட்டிருந்தார்கள். யாராவது நடந்தால் போதும், நாற்காலியில் இருப்பவரின் உள்ளங்காலில் 'திம்' என்று ஏறும். கண்ணை மூடிக்கொண்டே யார் வருகிறார் என்று சொல்லிவிடலாம். அதிலிருந்துதான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. வீட்டில் பழைய டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது சாக்காயிற்று.

கடையின் கடைசிப் பலகை. மாஸ்டர் மிதித்தார். மனைவி சட்டென்று திரும்பினாள். "என்ன?"

மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றவர், விற்பனைப் பெண் பக்கம் பாய்ந்தார். "இதுக்கு அடியில என்ன விரிச்சிருக்கு?"

"இதுவா? சாதா ஃபோம் ஷீட் சார், ரொம்ப மெல்லிசு. நடந்தா தொம்முதொம்முன்னு கேக்கும். தடிச்ச ஷீட் இருக்கு, அது போட்டீங்கன்னா பூனை நடக்கிற மாதிரி..."

"பூனையே வேண்டாம்மா! மேடம் கேட்ட வெளிர் நிறம், அடியில இந்த மெல்லிசு. பில் போடுங்க."

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணும்" என்றாள் மனைவி, விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு. மாஸ்டர் ஈ என்று இளித்தார்.

பலகைப் பெட்டிகள் வந்து இறங்கின. அறையின் சூட்டுக்கும் குளிருக்கும் பலகை பழகணும், ரெண்டு நாள் பிரிக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரெண்டு நாளும் மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாடம் எடுக்கப் போன இடத்தில், ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் காரணமில்லாமல் பிரேக் போட்டு நிறுத்தித் திட்டு வாங்கினார்.

பலகை போடும் நாளன்று காலையில் ஒரு பாடம். முடித்துவிட்டு வீட்டுக்குள் ஓடி வந்து, தையல் அறையில் பாதி வரை போட்டிருந்த பலகையில் ஆசையாக ஒரு மிதி மிதித்தார். மெத்தையை மிதித்தாற்போல இருந்தது. ஒரு அதிர்வும் இல்லை.

"என்னப்பா இது?"

பலகை போடுகிறவன் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தான். "தடிச்ச ஷீட் சார். மெல்லிசு ஸ்டாக் குறைவா இருக்குன்னு அதே விலைக்குக் குடுத்துட்டாங்க. மெல்லிசும் ஒரு சுருள் வண்டியில இருக்கு. எதைப் போடட்டும், தடிச்சதே போட்டுடவான்னு அம்மாகிட்ட கேட்டேன். சரின்னாங்க."

சரி! சொல்லியிருப்பாள், சொல்லாமல் என்ன? காதில் விழாத எதற்கும் இப்போதெல்லாம் அவள் சரி என்றுதான் தலையாட்டுகிறாள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

"எடுத்துட்டு மெல்லிசைப் போடுப்பா."

"ஐயோ, ஏன் சார்? எல்லாரும் சத்தம் வரக்கூடாதுன்னு சண்டை போடுவாங்க."

"எனக்கு... அந்த ஃபோம் ஒத்துக்காது. தும்மல் வரும்."

"ரெண்டும் ஒரே ஃபோம்தான் சார்."

"நடந்தா கால் வலிக்கும்."

"மெத்துன்னு இருந்தா எப்படி சார் வலிக்கும்?"

மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்தது. அதை ஊரான் ஒருத்தனிடம் சொல்லி, அவன் அவள் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்து, அது அவளுக்குத் தெரிந்து... வேண்டாம் சாமி. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் கவனித்தார், கையில் டீ தம்ளர்களோடு அவள் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருட்டி வைத்திருந்த தடித்த ஷீட்டைக் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"தம்பி, காலையில நீங்க கேட்டது எனக்கு விளங்கலை. விளங்காமலே சரின்னுட்டேன்." தம்ளரை அவனிடம் நீட்டினாள். "எனக்குக் காது சரியா கேக்காது. இதை எடுத்துட்டு மெல்லிசையே போட்டுடுங்க. இவர் வர்றது எனக்குத் தெரியணும்."

அவன் மறுபேச்சில்லாமல் பலகையைக் கழற்ற ஆரம்பித்தான். மாஸ்டருக்கு அழுகை வந்தது.

"கடையில எதுக்கு அந்தக் குதி குதிச்சீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" என்றாள் அவரிடம். "டீ ஆறுது, குடிங்க."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்து, தையல் மிஷின் ஜன்னலோரம் பழைய இடத்துக்கே போனது. அவள் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெரிய கத்தரி. மாஸ்டர் வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் ஒரு மிதி மிதித்தார்.

அவள் திரும்பவில்லை. கத்தரியை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"வாங்க" என்றாள்.