முந்தி அடித்த மணி

துக்க மணி அடிக்கத் தொடங்கியபோது ஐரீன் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி. ராயபுரத்தில் அந்த மணியைக் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பிறகு யாருக்கு என்று தெருவை எட்டிப் பார்ப்பார்கள். ஐரீனும் எட்டிப் பார்த்தாள். தெரு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு ஹில்டா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"டீச்சர்... நம்ம ஜார்ஜ் அண்ணன்..."

உள்ளேயிருந்து மாமியார் வியாகுலம்மாள் ஒன்றுதான் கேட்டாள். "கப்பல்லயா?"

ஐரீனின் கணவன் ஜார்ஜ் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன். கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி, அடியறையிலிருந்து சரக்கைக் கம்பிவடத்தில் தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. கை சற்றுப் பிசகினால் கீழே நிற்பவர்கள் தலைமேல் வந்துவிடும். ஐரீன் பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறவள். விழும் பொருளின் வேகத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருக்கிறாள். இப்போது ஒன்றும் ஓடவில்லை. பிழியாத சட்டையிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. ஜார்ஜின் சட்டை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லட்சுமணன் வந்தான். ஜார்ஜின் வின்ச்சுக்குக் கீழே அடியறையில் மூட்டை அடுக்குகிறவன், வியாசர்பாடிக்காரன். அவன் கையில் ஜார்ஜின் டிபன் கேரியர் இருந்தது.

"இன்னா அண்ணி, யாரு பூட்டாங்க? தெருவே கூடிக்கீது?"

எல்லோர் கண்ணும் அவன் கையிலிருந்த கேரியரிலேயே இருந்தது.

"அண்ணன் ரெண்டாம் ஷிப்டும் பாக்குறாரு. மாத்து ஆளு வர்ல. சோறு கட்டிக் குடுக்கச் சொன்னாரு. மீன் கொழம்பு இருந்தா எனக்கும் சேத்து."

அந்தத் தெருவில் ஆண்கள் தங்கள் கேரியரைத் தாங்களே எடுத்துப்போய்த் தாங்களே திருப்பிக் கொண்டுவருவார்கள். வேறொருவன் கையில் அது வீடு திரும்பினால் ஒரே அர்த்தம்தான். கப்பலில் ஆள் செத்த நாட்களில் எல்லாம் அப்படித்தான் சேதி வந்திருக்கிறது. லட்சுமணன் வேறு பேட்டைக்காரன், இது தெரியாது. தேங்கிய மழைத்தண்ணீரில் கால் படாமல் குனிந்து பார்த்தபடி நடந்து வந்தவனை, கோயிலில் மணியடிக்கும் அருள்பிரகாசம் வாசலிலிருந்து பார்த்தார்; துக்கத்தில் தலை குனிந்து வருவதாக நினைத்தார். சிவப்புக் கைப்பிடி போட்ட கேரியர் யாருடையது என்று அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஆள் வரட்டும் என்று காத்திருக்காமல் கயிற்றைப் பிடித்துவிட்டார்; யாருக்கு என்று கேட்டவர்களிடம் ஜார்ஜ் என்றும் சொல்லிவிட்டார். லட்சுமணன் வழியில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சேதி அவனை முந்திக்கொண்டது.

விஷயம் விளங்கியதும் தெருவே சிரித்தது. அழுத கண்ணோடு சிரித்தார்கள். வேர்க்க விறுவிறுக்க வந்து நின்ற அருள்பிரகாசத்தை ஹில்டா விடவில்லை.

"யோவ், உன் கண்ணுல கொள்ளி வெக்க! உசுரோட கீறவனுக்கா மணி அடிச்ச?"

"கேரியரப் பாத்தேன்மா. கையி தானா கயித்துக்குப் பூடுச்சி."

"அண்ணன்கிட்ட சொன்னேன்னு வையி, சிரிச்சே செத்துருவாரு" என்றான் லட்சுமணன். ஐரீன் சோறு கட்டிக் கொடுத்தாள். அவன் கேரியரை ஆட்டிக்கொண்டு போனான்.

வியாகுலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மருமகளிடம் வந்தாள்.

"நீதானே சொன்ன, ஞாயித்துக்கெழம?"

கொடியில் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்த ஐரீன் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்தில் கூடியவர்களுக்கு அவள் அறிவியல் பேசியிருந்தாள். அது எழுபத்து நான்காம் வருடம். வானத்திலிருந்து பொழியும் கதிர்களை ஆராய்ந்த இருவர், அந்தப் பொழிவு ஒளியின் வேகத்தில் தரையைத் தொடுமுன்பே கருவியில் ஏதோ பதிந்ததாக எழுதியிருந்தார்கள். நூலகத்தில் படித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒளியை முந்தும் துகள் ஒன்று இருக்கலாம், அதற்கு டாக்கியான் என்று பெயர்கூட வைத்தாயிற்று, இன்னும் யாரும் உறுதியாகக் கண்டதில்லை என்றாள். இருந்துவிட்டால் என்ன ஆகும்? அதன் பயணத்தை வேகமாக நகரும் ஒருவர் பார்த்தால், அது புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்ததாகத் தெரியும். விளைவு முதலில், காரணம் பிறகு. இயற்பியலின் அடித்தளமே ஆடிப்போகும். பின்வரிசையில் இருந்தவர்கள் விழிப்பதைப் பார்த்து ஓர் உதாரணம் சொன்னாள்: "ஆள் சாகறதுக்கு முன்னாடியே நம்ம கோயில்ல துக்க மணி கேக்குற மாதிரி."

மண்டபம் ரசித்துச் சிரித்தது. மணிக்காரர் என்பதால் அருள்பிரகாசத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அது வெறும் கணக்கு, அத்தே. மணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சேதி வந்துடுச்சி. இனிமே நடக்க வேண்டியதுதான் பாக்கி" என்றாள் வியாகுலம்மாள். "போயி அவன இட்டுகினு வா."

மடத்தனம் என்று ஐரீனுக்குத் தெரியும். ஆனாலும் படித்ததில் மிச்சம் ஒன்று மனதில் உறுத்தியது. காரணம் பின்னால் வருவதைக் கண்டு இயற்பியல்காரர்களே மிரண்டபோது, சிலர் ஒரு சமாதானம் சொல்லியிருந்தார்கள். ஒரு துகள் காலத்தில் பின்னோக்கி வந்து சேர்ந்ததாகத் தெரிந்தால், அதை வரவு என்று கொள்ளாதே. வந்து சேர்ந்ததாக நினைத்த இடத்திலிருந்துதான் அது கிளம்புகிறது என்று திருப்பிப் படி. படித்த அன்று அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது திருப்பிப் படித்தாள். மணி எங்கிருந்தும் வந்த சேதி அல்ல. இங்கிருந்து கிளம்பிய ஒன்று. அது போய்ச் சேர வேண்டிய இடம் ஜார்ஜின் கை. சுமை அந்தரத்தில் தொங்கும்போது, உனக்குத் துக்க மணி அடித்துவிட்டார்கள் என்று ஒருவன் சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், கை பிசகிவிடும். அதைச் சொல்லத்தான் லட்சுமணன் போய்க்கொண்டிருக்கிறான்.

செருப்பைத் தேடாமல் ஓடினாள். கல்மண்டபம் அருகே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்தது. வழியெல்லாம் லட்சுமணனைத் தேடினாள், காணோம்.

துறைமுக வாசலில் காவல்காரர் அப்துல் வஹாப் அவளைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஜார்ஜு வூட்டம்மாதானே? மணி அடிச்சிட்டாங்களாமே? ஆனா அவரு உள்ளதான் கீறாரு, ஒன்னியும் புரியல."

"யாரு சொன்னது? லட்சுமணனா?"

"அவன் இன்னும் வர்ல. சைக்கிள்ல போனவன் எவனோ சொன்னான்."

சேதி லட்சுமணனையும் முந்திவிட்டது. "அவர வின்ச்ச விட்டு எறங்கச் சொல்லுங்க பாய். ஆள் அனுப்புங்க."

"இன்னான்னு சொல்லி அனுப்பட்டும்? மணி அடிச்சிட்டாங்க, எறங்குன்னா?"

ஜார்ஜ் இன்னும் கேட்காமல் இருந்தால், அனுப்பும் ஆளே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். காப்பாற்றப் போகும் சொல்லும் அதே சொல்தான். எதை அனுப்பினாலும் மணியைத்தான் அனுப்புகிறாள்.

சரக்குக் கொட்டகையின் கூரைக்கு மேலே கப்பலின் பாரந்தூக்கிக் கம்பம் தெரிந்தது. உர மூட்டைகள் அடைத்த வலை ஒன்று மேலே வந்து, அந்தரத்தில் நின்றது. மேலும் ஏறவில்லை. கரைப்பக்கம் திரும்பவும் இல்லை. காற்றில் லேசாகச் சுழன்றது. ஐரீன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் லட்சுமணன் வந்து, "இன்னா அண்ணி, கொழம்பு மறந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனது காதில் விழுந்தும் அவளால் திரும்ப முடியவில்லை.

கொட்டகை ஓரமாக ஒருவன் நடந்து வந்தான். ஜார்ஜ். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"கீழ இருந்து ஒருத்தன் கத்துனான், இன்னா மாமு, உனக்கு மணி அடிச்சிட்டாங்களாமேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்பால பாத்தா கையி ஆடுது, ஐரீன். நிக்கவே மாட்டேங்குது. அப்படியே பிரேக்கப் போட்டுட்டு ரகுபதியக் கூப்ட்டு வுட்டுட்டு எறங்கிட்டேன்."

அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"வூட்டுக்குப் போலாம். அத்தே பயந்துகினு கீறாங்க."

அவன் நகரவில்லை. கூரைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். "ரகுபதி கத்துக்க வந்த புதுப் பையன். இந்த வின்ச்சு ஒரு பக்கமா இழுக்கும், அவனுக்குத் தெரியாது. கீழ லட்சுமணன் வேற எறங்கியிருப்பான்."

வலை அசைந்தது. மெல்லக் கரைப்பக்கம் திரும்பி, ஒரு குலுங்கு குலுங்கிக் கூரைக்குப் பின்னால் மறைந்தது. இருவரும் மூச்சை அடக்கிக் காது கொடுத்தார்கள். சத்தம் எதுவும் வரவில்லை. காலி வலை திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் அடுத்த சுமை எழுந்தது.

ஜார்ஜ் உயிரோடு பக்கத்தில் நிற்கிறான். அப்படியானால் அடித்த மணி யாருடையது? அது வெறும் கணக்கு என்று மறுபடி சொல்ல வாயெடுத்த ஐரீனுக்கு, வலைக்குக் கீழே நிற்கும் லட்சுமணன் நினைவுக்கு வந்தான்.

அந்நேரம் ராயபுரம் பக்கமிருந்து மாலை ஜெப மணி கேட்டது. தினம் கேட்கும் மணிதான். ஜார்ஜின் விரல்கள் அவள் கையை நெரித்தன.

அப்துல் வஹாப் உட்கார ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். "இன்னும் போவலியா நைனா?"

"ஷிப்டு முடியட்டும் பாய்" என்றான் ஜார்ஜ்.

முக்காலி காலியாகவே கிடந்தது. கூரைக்கு மேலே அடுத்த வலை ஏறிக்கொண்டிருந்தது.