ஆசிஃபா முடித்த பிறகு

"அப்ப நான் சும்மா தொணதொணத்தேன்னு எழுதியிருக்கியா?"

"ஐயோ, இல்லக்கா! நாப்பது நிமிஷத்துல முப்பத்தொண்ணு நீங்க பேசினீங்க. அவ்ளோதான்."

உமாராணி டீச்சர் சிரித்ததும் ஷப்னத்துக்கு மூச்சு வந்தது. சக ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெழுதி, அவரோடு அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எட்டு வருடமாக மதியச் சோற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் அக்காவையே அவள் தேர்ந்தெடுத்தாள். கஷ்டமான கேள்வி ஒன்று இன்னும் பாக்கி. கேட்டால் அக்கா பழையபடி முகம் கொடுத்துப் பேசுவாரா?

"ஆசிஃபா அஞ்சு நிமிஷத்துல எல்லாக் கணக்கையும் போட்டுட்டா. அப்புறம் என்னக்கா பண்ணா?"

"மத்த புள்ளைங்க நோட்டைத் திருத்தினா. கெட்டிக்காரி! எனக்கு எவ்ளோ ஒத்தாசை தெரியுமா?"

"உங்களுக்கு ஒத்தாசை. அவ என்னக்கா கத்துக்கிட்டா?"

உமாராணி எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே தொழிலாளர்களை ஏற்றிய ஷிப்ட் பஸ் ஒன்று கடந்து போனது.

"ஜூன் மாசத்துலேருந்து திருத்திக்கினு இருக்காடி," என்றார் மெதுவாக. பிறகு டப்பாவை ஷப்னத்தின் பக்கம் தள்ளினார்.

"அவளுக்குன்னு கணக்கு எங்க தேடறதுன்னே எனக்குத் தெரியல. சாயங்காலம் எங்க குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்து என்கூடக் கொஞ்சம் உக்காரேன்?"